மெத்தென்ற ரப்பருக்குப் பின்னால் ஒரு கடனாளி: யார் இந்தச் சார்ல்ஸ் குட்இயர்?

அடைமழை. காருக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே கொட்டுகிறது, உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.

அடுத்த முறை கதவைத் திறக்கும்போது அதன் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக ஒரு பட்டை இருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் பழைய நிலைக்கு வரும். அதன் உள்ளே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள். மழை, தூசி, சாலைச் சத்தம் மூன்றையும் வெளியே நிறுத்துவது அந்த நுரை ரப்பர்தான்.

நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரிலும் அது உருகுவதில்லை. கதவோடு ஒட்டிக்கொள்வதில்லை. பெரிய விஷயமாகத் தெரியவில்லை, இல்லையா?

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு இது நடக்கவே நடக்காத காரியம். அதை நடக்கவைக்க ஒருவர் தம் பணம், உடல்நலம், குடும்பத்தின் நிம்மதி எல்லாவற்றையும் இழந்தார். அவர் பெயர் சார்ல்ஸ் குட்இயர்.

டயர் நிறுவனத்தை ஆரம்பித்தவரா?

பெயரைக் கேட்டதும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் இல்லை.

குட்இயர் டயர் நிறுவனம் 1898இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஃபிராங்க் சைபர்லிங். அப்போது சார்ல்ஸ் குட்இயர் இறந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நினைவாகப் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். அவரோ குடும்பத்தாரோ அதில் பங்குதாரர் இல்லை.

சார்ல்ஸ் குட்இயர் பிறந்தது 1800ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி, கனெட்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில். அப்பா அமாசா குட்இயர், பண்ணைக் கருவிகளும் பொத்தான்களும் செய்து விற்றவர். மகன் 1824இல் கிளாரிசா பீச்சரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் இரும்புச் சாமான் கடை போட்டார். கடை முதலில் நன்றாகத்தான் ஓடியது. கடனுக்குச் சரக்குக் கொடுத்து, அதை வசூல் பண்ண முடியாமல் 1830இல் நொடித்துப்போனது.

அந்தக் காலத்தில் கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் சிறை. அங்கே போவதும் வருவதும் குட்இயருக்கு வாடிக்கையாகிவிட்டது.

அப்போது ரப்பருக்கு என்ன பிரச்சினை?

1830களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரப்பர் மோகம் கிளம்பியது. பிரேசில் காடுகளிலிருந்து வந்த ரப்பரைக் கொண்டு காலணி, மழைச் சட்டை, பைகள் எனச் செய்து விற்றார்கள். தண்ணீர் புகாது என்பதால் மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

முதல் கோடை வந்தது. காலணி குழைந்து பசையானது. நாற்றம் வேறு. குளிர்காலத்தில் அதே ரப்பர் பலகைபோல விறைத்து வெடித்தது.

1834இல் குட்இயர் நியூயார்க்கில் ராக்ஸ்பரி ரப்பர் நிறுவனத்தின் கடைக்குப் போனார். அங்கே விற்ற உயிர்காப்பு மிதவையின் காற்றடைக்கும் வால்வு அவருக்குப் பிடிக்கவில்லை. அதைவிட நல்ல வால்வு ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். வால்வைப் பார்த்த மேலாளர் உண்மையைச் சொல்லிவிட்டார். பிரச்சினை வால்வில் இல்லை, ரப்பரில்தான். உருகிப்போன சரக்கு மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நிறுவனமே மூழ்கும் நிலையில் இருந்தது.

வேதியியல் படிக்காத, கையில் காசில்லாத குட்இயர் அன்றிலிருந்து ரப்பரை விடவில்லை.

சிறைக்குள் ஒரு சப்பாத்திக் கட்டை

ஃபிலடெல்ஃபியா திரும்பியதும் மறுபடியும் கடனுக்காகச் சிறை. அவர் சும்மா இருந்தாரா? கொஞ்சம் பச்சை ரப்பரும், மாவு தேய்க்கும் கட்டையும் கொண்டுவரச் சொல்லி மனைவியிடம் கேட்டார். முதல் சோதனைகள் சிறை அறையில் நடந்தன.

அவர் யோசனை எளிமையானது. ரப்பர் ஒட்டுகிறது. ஒட்டாத ஒரு தூளைச் சேர்த்துப் பிசைந்தால் ஒட்டாமல் போகுமா? சப்பாத்தி மாவு கையில் ஒட்டினால் நீங்களும் கொஞ்சம் மாவைத் தூவுவீர்கள் அல்லவா? அதே கதைதான்.

மக்னீசியா என்னும் வெள்ளைத் தூளைச் சேர்த்தார். ரப்பர் வழவழப்பானது, கையாள வசதியானது. சந்தோஷமாகக் காலணிகள் செய்து அடுக்கினார். கோடை வந்தது. எல்லாம் உருகிப் போச்சு.

அடுத்து, மக்னீசியா சேர்த்த ரப்பரைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்கவைத்தார். இதற்குப் பாராட்டும் கிடைத்தது. ஆனால் லேசான அமிலம் ஒரு துளி பட்டாலே அந்த இடம் பழையபடி ஒட்ட ஆரம்பித்தது.

பிறகு நைட்ரிக் அமிலம். அது பட்ட ரப்பரின் மேல்பரப்பு துணிபோல வழவழவென்று ஆனது. 1837இல் இதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அதே ஆண்டு அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி. பணம் போட்டவர் திவாலானார். குட்இயர் குடும்பம் ஸ்டேட்டன் தீவில் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் ஆலைக்குள் குடியேறியது.

ரப்பர் தொப்பி, ரப்பர் கோட்டு, ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, காசே இல்லாத ரப்பர் பணப்பையோடு ஒருவரைப் பார்த்தால் அவர்தான் குட்இயர் என்று ஊரே கேலி பேசியது.

அஞ்சல் பைகள் கற்றுக்கொடுத்த பாடம்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் ஊரில் நத்தானியல் ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகத்தைச் சேர்த்து வெயிலில் காயவைத்துப் பார்த்திருந்தார். அந்த முறையின் உரிமையைக் குட்இயர் வாங்கிக்கொண்டார்.

பிறகு அரசாங்கத்திடமிருந்து 150 அஞ்சல் பைகளுக்கு ஆர்டர் கிடைத்தது. ஒரு வழியாக விடிவு வந்தது என்று நினைத்தார். பைகளைச் செய்து ஒரு வெதுவெதுப்பான அறையில் வைத்துவிட்டு வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால், பைகளின் கைப்பிடி சொந்த எடையைத் தாங்காமல் இளகிக் கிடந்தது.

காரணம் என்ன? அமிலமும் வெயிலும் மேல்தோலை மட்டும்தான் மாற்றின. உள்ளே இருந்தது பழைய ரப்பரே. மெல்லிய துணியில் பூசியபோது இது தெரியவில்லை. தடிமனான பையில் அம்பலமாகிவிட்டது.

சூடான அடுப்பில் என்ன நடந்தது?

1839இல் வோபர்னில் நடந்த சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

உருகியிருக்க வேண்டும். உருகவில்லை, தோல்போலக் கருகியது.

அங்கிருந்த மற்றவர்களுக்கு அது கருகிய ரப்பர். குட்இயர் ஓரத்தைப் பார்த்தார். கருகிய பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளையம். அது கருகவும் இல்லை, ஒட்டவும் இல்லை. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. ஒரு துண்டை எடுத்து வாசலுக்கு வெளியே கடுங்குளிரில் ஆணியடித்து வைத்தார். காலையில் பார்த்தபோது அது விறைக்காமல் அப்படியே வளைந்தது.

பாடப்புத்தகக் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ஆனால் உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பம். எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம்? எவ்வளவு கந்தகம்? அந்த மெல்லிய வளையத்தை ஒரு முழுக் காலணி அளவுக்குப் பெரிதாக்குவது எப்படி?

இதற்குப் பதில் தேட அவருக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. மனைவி ரொட்டி சுடும் அடுப்பில் வேகவைத்தார். கெட்டிலின் ஆவியில் பிடித்துப் பார்த்தார். சூடான மணலில் புதைத்துப் பார்த்தார். கடைசியில், அழுத்தத்தோடு கூடிய நீராவியில் சுமார் 132 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் சரியாக வருகிறது என்று கண்டுபிடித்தார்.

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள்

ரப்பருக்குள் நீளமான மூலக்கூறுகள் இடியாப்பச் சிக்கல்போலக் கிடக்கின்றன. சூடு ஏறினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதைத்தான் உருகுகிறது, ஒட்டுகிறது என்கிறோம். கந்தகமும் சூடும் சேர்ந்தால் இந்த இழைகளுக்கு இடையே சின்னச் சின்னப் பாலங்கள் உருவாகும். அதன் பிறகு இழைகள் நீளலாம், ஆனால் வழுக்கி ஓட முடியாது. விட்டால் பழைய இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும்.

இதற்கு வல்கனைசேஷன் என்று பெயர். ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கனின் பெயரிலிருந்து வந்தது.

இன்னொரு முக்கியமான விஷயம். பாலங்கள் உருவாகும் முன்பு கலவை, இட்லி மாவு மாதிரி. எந்தக் குழியில் ஊற்றினாலும் அந்த வடிவம் எடுக்கும். வெந்த பிறகு இட்லி. அதை மறுபடியும் மாவாக்க முடியாது.

ஆக, வேலை செய்யும்போது இளக்கமாக இருக்க வேண்டும், பயன்படுத்தும்போது இளகவே கூடாது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவர முடியும் என்பதுதான் குட்இயரின் உண்மையான கண்டுபிடிப்பு. அதற்கு முன்பு, மக்னீசியா காலத்தில், அவர் கையாள்வதற்கு வசதியான ரப்பரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். நேரமும் சூடும் கைக்குள் வந்த பிறகு இரண்டுமே சாத்தியமாயிற்று.

1844 ஜூன் 15ஆம் தேதி கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையில் அவர் கொடுத்த அளவு இதுதான்:

- ரப்பர் 25 பங்கு
- கந்தகம் 5 பங்கு
- வெள்ளை ஈயத்தூள் 7 பங்கு

அந்த ஐந்து ஆண்டுகளில் வீட்டில் என்ன நடந்தது?

இதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைக்கூட விற்றார். சில நாள் அக்கம்பக்கத்தார் கொடுத்ததில்தான் சாப்பாடு. 1840இல் இரண்டு வயது மகன் வில்லியம் இறந்துபோனான். அடக்கம் செய்யவும் காசு இல்லை. சிறு வயதிலேயே அவர் பறிகொடுத்த பிள்ளைகள் இன்னும் பலர்.

ஈயத்தூள், அமிலம், கந்தகப் புகை என்று வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்ததில் அவர் உடம்பும் கெட்டது.

கடைசிக் கட்டத்தில் கைகொடுத்தவர் மைத்துனர் வில்லியம் டி ஃபாரஸ்ட், கம்பளித் துணி ஆலை நடத்தியவர். அவர் கொடுத்த பல்லாயிரம் டாலர் இல்லாவிட்டால் அந்தச் சோதனைகள் முடிந்திருக்காது.

குட்இயரைத் தியாகி என்று புகழ்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வறுமையை அவர் தாமாகத் தேர்ந்தெடுத்தார், கிளாரிசாவும் பிள்ளைகளும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கதையைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம்.

இங்கிலாந்து எப்படிக் கைநழுவியது?

லண்டனில் தாமஸ் ஹான்காக் என்பவர் ஏற்கெனவே ரப்பரில் கெட்டிக்காரர். வெட்டி எறிந்த ரப்பர்த் துண்டுகளை முள் பதித்த உருளையில் போட்டு அரைத்தால் அவை சூடாகி ஒரே உருண்டை மாவாகிவிடுகின்றன என்று 1820 வாக்கில் கண்டுபிடித்தவர் அவர்தான். ரப்பரைப் பிசைந்து இளக்கும் இன்றைய இயந்திரங்களுக்கு அதுவே முன்னோடி.

1842இல் குட்இயர் இங்கிலாந்தில் முதலீட்டாளர்களைத் தேடி ரப்பர் மாதிரிகளை அனுப்பினார். காப்புரிமை இன்னும் எடுக்கவில்லை. மாதிரிகளில் சில ஹான்காக்கின் கைக்கு வந்தன. அதன்மேல் மஞ்சளாகக் கந்தகத்தின் தடம் இருந்தது. ஹான்காக் தம் ஆலையில் ஓராண்டுக்கு மேல் சொந்தமாகச் சோதனை செய்து, 1843 நவம்பரில் அங்கே காப்புரிமைக்குப் பதிந்துவிட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குட்இயர் விண்ணப்பித்தபோது கதவு மூடியிருந்தது. பிறகு வழக்கு நடந்தது. இங்கிலாந்தில் ஹான்காக்கின் உரிமையே நிலைத்தது.

வல்கனைசேஷன் என்ற பெயரும் ஹான்காக்கின் நண்பர் வில்லியம் பிராக்கடன் சொன்னதுதான்.

அமெரிக்காவிலும் அவர் முறையைத் திருடியவர்கள் பலர். 1852இல் ஹொரேஸ் டே என்ற ஆலைக்காரருக்கு எதிரான வழக்கு நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் நடந்தது. குட்இயர் தரப்பில் வாதாடியவர் டேனியல் வெப்ஸ்டர். அப்போது அவர் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர்! வழக்கில் குட்இயர் ஜெயித்தார்.

பணம் சேர்ந்ததா? அதுதான் இல்லை. உரிமங்களை மலிவாகக் கொடுத்தார். வந்த பணத்தைப் புதுப்புதுச் சோதனைகளில் போட்டார்.

பதக்கம் ஒரு கையில், சிறை மறுபக்கம்

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் சுவர், நாற்காலி, மேசை என எல்லாம் ரப்பரில் அமைந்த ஓர் அரங்கை வைத்தார். 1855இல் பாரிஸ் கண்காட்சியில் அதைவிடப் பெரிதாக. இரண்டுக்கும் சேர்த்துப் பல்லாயிரம் டாலர் செலவு.

பிரான்சில் அவருடைய காப்புரிமை செல்லாது என்று ஆனது. வரவேண்டிய பணம் நின்றது. 1855 டிசம்பரில் கடனுக்காகப் பாரிஸின் கிளிஷி சிறையில் அடைக்கப்பட்டார். மன்னர் மூன்றாம் நெப்போலியன் வழங்கிய லெஜியன் ஆஃப் ஹானர் பதக்கம் அவருக்குச் சிறையில்தான் கிடைத்தது.

கிளாரிசா அதைப் பார்க்க இல்லை. அவர் 1853இல் லண்டனில் காலமாகிவிட்டார்.

1860இல் மகள் ஒருத்தி சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு நியூ ஹேவனுக்குக் கிளம்பினார். நியூயார்க் வந்தபோதே மகள் இறந்துவிட்ட செய்தி எட்டியது. அங்கேயே விழுந்தவர் எழவில்லை. ஜூலை 1ஆம் தேதி இறந்தார். வயது 59. விட்டுச்சென்ற கடன் ஏறத்தாழ 200,000 டாலர்.

அந்தக் கலவை உங்கள் கார் கதவுக்கு எப்படி வந்தது?

குட்இயர் காலத்தில் ரப்பர் வேக மணிக்கணக்காகும். 1906இல் ஆக்ரன் நகரில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் அனிலின் என்ற பொருளைச் சேர்த்தால் சீக்கிரம் வேகிறது என்று கண்டார். அதன்பின் வந்த வேதிப்பொருள்கள் மணிகளை நிமிடங்களாக்கின. 1929இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் ரப்பர் பாலை முட்டை அடிப்பதுபோல அடித்து, நுரையாக்கி, அச்சில் ஊற்றி மெத்தென்ற ரப்பர் செய்தார்கள்.

கதவுப் பட்டை போன்றவற்றுக்கு வேறு வழி. கலவையிலேயே சூட்டில் வாயு விடும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். உங்கள் சமையலறையில் இருக்கும் ஆப்பச்சோடாவும் அதற்குப் பயன்படும்.

இங்கே நேரம்தான் எல்லாம். ரப்பர் முதலில் வெந்துவிட்டால் குமிழ் ஊத இடமில்லை, பட்டை கல்லாகும். வாயு முதலில் வந்து, ரப்பர் தாமதமாக வெந்தால் காற்று வெளியேறி, சப்பிப்போகும்.

இன்னொரு தலைவலியும் உண்டு. பட்டை மெத்தென்று வேண்டுமானால் கலவையில் எண்ணெய் நிறைய சேர்க்க வேண்டும். எண்ணெய் கூடினால் கலவை உருளையிலும் கையிலும் அச்சிலும் ஒட்டும். குட்இயரின் பழைய பிரச்சினை அப்படியே திரும்பி வருகிறது! அதனால் ஃபாக்டிஸ் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது தாவர எண்ணெயைக் கந்தகத்தோடு வினைபுரியவைத்துச் செய்வது. எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டு கலவையை ஒட்டாமல் காக்கும். டால்க் தூளும் தூவுவார்கள். குட்இயர் கைவிட்ட மக்னீசியாகூட நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர்க் கலவையில் இன்றும் சேர்கிறது.

இன்றைய கார் கதவுப் பட்டைகள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற, எண்ணெய் வளத்திலிருந்து வரும் செயற்கை ரப்பர். ஆனால் அதையும் பெரும்பாலும் கந்தகம் சேர்த்துத்தான் வேகவைக்கிறார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. உருகாத ரப்பர் வந்த பிறகுதான் உலகம் முழுக்க அதற்குக் கிராக்கி. பிரேசில் காடு மட்டும் போதவில்லை. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தன. குட்இயர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து. அங்கே 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். பிறகு மலாயா முழுக்கத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்குத்தான் தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்தார்கள். உங்கள் வீட்டிலும் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன தாத்தாவோ பாட்டியோ இருந்திருக்கலாம்.

ரப்பரைக் கையாள எளிதாக்கும் தேடல் இங்கேயும் தொடர்ந்தது. இயற்கை ரப்பர் கிடங்கில் கிடக்கக் கிடக்க இறுகும். ஆலையில் அதை இளக்கவே மின்சாரமும் நேரமும் வீணாகும். 1965இல் தர மலேசிய ரப்பர் திட்டத்தைக் கொண்டுவந்த மலேசியா, பிறகு அப்படி இறுகாமல் ஒரே இளக்கத்தில் நிற்கும் ரகத்தையும் விற்பனைக்கு விட்டது. எஸ்எம்ஆர் சிவி என்று பெயர்.

அடுத்த மழையில் கார் கதவைச் சாத்தும்போது அந்தப் பட்டையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அமுங்கும், திரும்பி வரும். வோபர்னில், கருகிய துண்டின் ஓரத்தில், ஒரு கடனாளி பார்த்தது அதைத்தான்.